வேப்பமரத்தை வெட்டிவிட்டு அலங்காரப் புல் நடுவதா? ஞாயிறு கூட்டத்துக்கு முன் தொண்டர்களின் வேண்டுகோள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விடாமல் படிக்கணும்னு கேட்டுக்கொள்கிறோம். ஏன்னா வருகிற ஞாயிறு ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கப் போறது நீங்கதான். தூக்கிய பிறகு "எங்களுக்கு விவரம் தெரியாதே" என்று யாரும் சொல்லக் கூடாது. வெட்டின மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

விஷயம் இதுதான். கோயிலின் இடது பக்கம் இருந்த பழைய தகரக் கொட்டகையைப் பிரித்தாச்சு. அந்த இடம் இப்போது காலி. கும்பாபிஷேகத்துக்கு முன் அங்கே ஒரு தோட்டம் போடணும்னு நிர்வாகம் நினைக்கிறது. நல்ல எண்ணம், நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கொடுத்திருக்கும் படத்தைப் பாருங்கள். வரிசை வரிசையாக அலங்காரப் புல். நீரூற்று மாதிரி வளைந்து நிற்கும் ஊதாப் புல் ஒரு வகை, நுனி சிவந்த புல் இன்னொரு வகை. நடுவில் கல் பாதை, தரையில் பதிக்கிற விளக்கு, போட்டோ எடுக்க ஒரு வளைவு. இந்தப் புல்லுக்கு நாள் முழுக்க வெயில் வேணுமாம். அதனால் ஓரத்தில் நிற்கிற வேப்பமரத்தை எடுத்துவிடணுமாம்.

தொண்டர்களாகிய நாங்கள் இதை எதிர்க்கிறோம். வேப்பமரம் அங்கேயே நிற்கணும். காலி இடத்தில் புல்லுக்குப் பதிலாக இரண்டு மகிழமரம் நடணும். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறோம்.

நாங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். அன்னதானத்தில் பானை தூக்குகிறவர்கள், பூசை முடிந்ததும் தரை கழுவுகிறவர்கள், தைப்பூசத்தில் கார் நிறுத்தும் இடத்தில் கை காட்டுகிறவர்கள். பெரும்பாலும் பேக்டரி ஆட்கள். பெரிய படிப்பு இல்லை. ஆனால் அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பது எங்களைவிட வேறு யாருக்கும் தெரியாது.

முதல் கேள்வி: அந்த இடத்தை யார் பயன்படுத்துகிறார்கள்?

ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் வந்து பாருங்கள். அன்னதான வரிசை மண்டபத்தை விட்டு வெளியே வந்து, அந்தக் காலி இடத்து வழியாகத்தான் வளைந்து போகுது. தேவார வகுப்பு முடிந்த பிள்ளைகள் அப்பா அம்மா வரும்வரை அங்கேதான் நிற்கிறார்கள். கைத்தடி ஊன்றி வருகிற பாட்டிமார்கள் வேன் வரும்வரை உட்கார இடம் தேடுவதும் அங்கேதான். பால்குடம் எடுக்கிறவர்கள் வெறுங்காலில் அந்தச் சிமெண்டுத் தரையில்தான் காத்து நிற்கணும். இவர்கள் எல்லாரும் இப்போது எங்கே ஒதுங்குகிறார்கள்? வேப்பமர நிழலில். அதையும் எடுத்துவிட்டால் எங்கே போவார்கள்?

நாம் இருப்பது கெடா மாநிலம். தீபகற்பத்தின் வடக்கில் ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் மழை குறைந்து வெயில் கொளுத்துகிற காலம். தைப்பூசமும் பல வருஷம் பங்குனி உத்திரமும் சரியாக அந்தக் காலத்தில்தான் வருது. நம் நாட்டில் பதிவான மிக அதிக வெப்பம் 40.1 டிகிரி. 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி, பெர்லிஸ் சூப்பிங்கில். அது நமக்கு அடுத்த மாநிலம்தான். இன்றைக்கு வானிலை இலாகா வெயிலுக்கென்றே எச்சரிக்கை நிலை வைத்திருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை போனால் முதல் நிலை. 37-ஐத் தாண்டி 40 வரை போனால் இரண்டாம் நிலை. அந்த நேரத்தில் எழுபது வயசு அம்மாவை இடுப்பளவு புல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தால் அந்தப் புல் அவருக்கு என்ன செய்யும்?

புல்லும் குளிர்ச்சிதானே என்று சிலர் கேட்கிறார்கள். சிமெண்டோடு ஒப்பிட்டால் புல் தரை சூடு குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் வெயில் மேலிருந்து இறங்குது. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரப் புல் மனுஷன் தலைக்கு மேல் ஒன்றும் செய்யாது. மரம் இரண்டு வேலை செய்யுது. மேலே வெயிலைத் தடுக்குது. இலை வழியாக நீராவியை விட்டுச் சுற்றியுள்ள காற்றையும் குளிர வைக்குது. நிழல் விழுகிற தரையும் கூரையும், வெயிலில் காய்கிற அதே பொருளைவிட 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை சூடு குறைவாக இருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் சொல்லியிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற நமக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. பகல் ஒரு மணிக்கு வேப்பமரத்தடியில் ஒரு கால், வெளியே சிமெண்டில் ஒரு கால் வைத்துப் பார்த்தால் போதும்.

இரண்டாவது: செலவுக் கணக்கு.

பேக்டரியில் மெஷின் வாங்கும்போது விலையை மட்டும் பார்த்து யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். மாசம் எவ்வளவு கரண்ட் குடிக்கும், எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை நிறுத்திச் சர்வீஸ் பண்ணணும், பார்ட்ஸ் எங்கே கிடைக்கும், யார் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் கேட்டுத்தான் வாங்குவார்கள். கோயில் தோட்டத்துக்கும் அதே கேள்விதான். அந்த குவோட்டேஷனில் நடுகிற கூலி இருக்கு, புல் விலை இருக்கு. நட்டதற்குப் பிறகு பார்த்துக்கொள்கிற செலவு எங்கே?

அலங்காரப் புல்லை நட்டுவிட்டு மறந்துவிட முடியாது. காய்ந்த தாளை அடிக்கடி எடுக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அடியோடு வெட்டிவிடணும், அப்போதுதான் புதுசாகத் துளிர்க்கும். சில வருஷத்தில் தூர் பெருத்து நடுப்பகுதி காய்ந்துபோகும். தோண்டி எடுத்து, பிரித்து, திரும்ப நடணும். நடுவில் களை முளைத்தால் புல்லுக்குள் புல் எது என்று கண்டுபிடித்துப் பிடுங்கணும். இதை யார் செய்யப் போகிறார்கள்? குத்தகைக்கு ஆள் வைத்தால் மாசா மாசம் உண்டியல் காசு போகும். ஆள் வைக்காவிட்டால் அந்த வேலை எங்கள் தலையில்தான் விழும். வேலைக்கு நாங்கள் பயப்படவில்லை. பயன் உள்ள வேலையைக் கொடுங்கள் என்கிறோம்.

மரத்துக்கும் செலவு உண்டு. முதல் இரண்டு வருஷம் வெயில் மாசங்களில் தண்ணீர் ஊற்றணும். பிறகு சில வருஷத்துக்கு ஒரு தடவை தெரிந்த ஆளை வைத்துக் கிளை கழிக்கணும். ஆனால் மரம் வயசாக வயசாகப் பலன் கூடிக்கொண்டே போகுது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் வாடகைக் கூடாரத்துக்கு எத்தனை வெள்ளி கொடுக்கிறோம் என்று பொருளாளர் ஐயாவைக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் கூடாரம் விழா முடிந்ததும் லாரி ஏறிப் போய்விடும். மரம் மறுநாளும் அங்கேயே நிற்கும், வாடகை கேட்காது.

மூன்றாவது: இதைச் சொல்லும்போது கொஞ்சம் வலிக்குது.

நுனி சிவந்த அந்தப் புல் இருக்கே, "ரெட் பேரன்" என்று படத்தில் பெயர் போட்டிருக்கிறார்கள். அது என்ன புல் தெரியுமா? நம்ம லாலான் புல்லேதான். அதில் சிவப்பு நிறம் வருகிற வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்து, புதுப் பெயர் வைத்து விற்கிறார்கள். இரண்டுக்கும் தாவரப் பெயர் ஒன்றுதான்.

லாலான் என்றால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நம்ம பாட்டன் பாட்டிமார்கள் ரப்பர் கன்று நிற்கணும் என்பதற்காக அதை மண்வெட்டியால் கொத்திக் கொத்திக் கை காய்த்தவர்கள். வேர் மண்ணுக்கடியில் ஊசி மாதிரி ஓடும். ஒரு துண்டு விட்டுப்போனாலும் திரும்ப முளைக்கும். தீ வைத்தாலும் முளைக்கும். கொத்தி முடியாமல், ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்ற விஷத்தைக் கரைத்து அடித்தார்கள். அந்த மருந்து வாளியைத் தூக்கி நடந்ததும் நம்ம ஆட்கள்தான். அந்தப் புல்லைத்தான் இன்றைக்கு நாம் காசு கொடுத்து வாங்கி, அம்மன் சந்நிதிக்குப் பக்கத்தில், கீழே லைட் போட்டு வைக்கப் போறோமா? சில நாடுகளில் இந்தச் சிவப்பு வகை பச்சை லாலானாகத் திரும்பிப் பரவிவிடும் என்று பயந்து கட்டுப்பாடே வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் அழகாகப் பெயர் சொன்னார் என்பதற்காக இதைக் கேட்காமல் இருந்துவிட முடியாது.

நான்காவது: நெருப்பு.

இது கோயில். கற்பூரம், நெய் விளக்கு, கார்த்திகை தீபம், சாம்பிராணி, யாக குண்டம் எல்லாம் நடக்கிற இடம். அலங்காரப் புல்லின் அடியில் எப்போதும் காய்ந்த தாள் சேர்ந்துகொண்டே இருக்கும். மார்ச் மாச வெயிலில் ஒரு பொறி போதும். ஊதாப் புல்லுக்குச் சொந்தக்காரப் புல் ஒன்று இருக்கு, ஆப்பிரிக்காப் பக்கத்துப் புல், பச்சை நிறம். அலங்காரத்துக்குக் கொண்டுபோன அது ஹவாய் தீவுகளில் காடாகப் பரவி, காட்டுத்தீக்கு விறகாகி, கடைசியில் தீய களை என்று அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. ஊதா வகை அப்படி விதை போட்டுப் பரவாது என்பது உண்மை. ஆனால் காய்ந்தால் அதுவும் எரியும். விளக்கு ஏற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் அதை வரிசையாக நடுவது புத்திசாலித்தனமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஐந்தாவது: வேப்பிலை.

நாம் கும்பிடுவது மாரியம்மனை. ஆடி மாசம் கூழ் வார்க்கும்போது தோரணம் கட்ட வேப்பிலை வேணும். கரகத்துக்கு வேணும். தீமிதியில் கையில் பிடிக்க வேணும். பிள்ளைக்கு அம்மை போட்டால் வீட்டு வாசலில் செருக ஒரு கொத்து வேணும் என்று இந்தியர் மட்டுமில்லை, சீன அண்டை வீட்டுக்காரரும் இங்கேதான் வந்து கேட்கிறார். இன்றைக்கு மதிலை ஒட்டி ஏணி போட்டுப் பறிக்கிறோம். நாளைக்கு வேப்பமரத்தை வெட்டிவிட்டு, வேப்பிலைக் கட்டு எங்கே விற்கிறார்கள் என்று சந்தையில் தேடிப் போவதா? மாரியம்மன் கோயிலில் வேப்பமரத்தை வெட்டி, போட்டோ எடுக்கப் புல் வைத்தார்கள் என்று நம் பேரப்பிள்ளைகள் சொல்லணுமா?

இந்த நாட்டுத் தோட்டக் கோயில்கள் பல எப்படித் தொடங்கின? கோபுரம் முதலில் வரவில்லை. ஒரு மரம், அதன் அடியில் ஒரு கல் அல்லது ஒரு சூலம், மஞ்சள் துணி. அவ்வளவுதான். கூரை, சுவர், மண்டபம் எல்லாம் பிறகு வந்தது. மரத்தடியில் பிறந்த வழிபாடு நம்முடையது.

"அப்போ புல் புனிதம் இல்லையா?" என்று ஒரு அண்ணன் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. புல் புனிதம்தான். பிள்ளையாருக்கு அறுகம்புல் இல்லாமல் பூசையா? தர்ப்பை இல்லாமல் எந்தச் சடங்கு நடக்கும்? திருநள்ளாற்றில் தலவிருட்சமே தர்ப்பைதான். திருநெல்வேலி நெல்லையப்பருக்கு மூங்கில், மூங்கிலும் புல் குடும்பம்தான். எங்களுக்குப் புல் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அறுகம்புல்லுக்கு ஒரு பாத்தி போடுங்கள், நாங்களே தண்ணீர் ஊற்றுகிறோம். ஓரமாக வெட்டிவேர் நடுங்கள், மண் கரையாமல் பிடிக்கும், சாமிக்கும் ஆகும். மகிழமரம் நிழல் கட்டும்வரை தரையை மூடச் சாதாரண மாட்டுப்புல் போடுங்கள், பிள்ளைகள் மிதித்து விளையாடலாம். பூசைக்கும் ஆகாத, உட்காரவும் முடியாத, மிதிக்கவும் கூடாத, ஒரு நல்ல மரத்தை வெட்டினால்தான் வளரும் என்கிற புல் மட்டும் வேண்டாம்.

இப்போது எதிர்த்தரப்பு சொல்லும் காரணங்களுக்கு வருவோம். எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டோம்.

"வேர் லோங்காங்கை உடைக்கும், சுவரை விரிசல் விடும்." அரசமரம், ஆலமரம் என்றால் உண்மை. அதைச் சுவர் ஓரத்தில் நடவே கூடாது. அதனால்தான் அரசமரம் கேட்கவில்லை, மகிழமரம் கேட்கிறோம். மலாய்க்காரர்கள் "புங்கா தஞ்சோங்" என்று சொல்வார்களே, அதே மரம். நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் சாலை ஓரத்திலேயே நட்டு வளர்க்கிறார்கள். எப்போதும் பச்சை, குடை மாதிரி அடர்த்தி, சின்னச் சின்ன நட்சத்திரம் மாதிரிப் பூ. பூ காய்ந்த பிறகும் வாசம் போகாது, பொறுக்கி மாலை கட்டலாம். திருவண்ணாமலைக் கோயிலின் தலவிருட்சமும் இதுதான். சுவரிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி நடுவோம், இடம் இருக்கு, அளந்து பார்த்துவிட்டோம்.

"மகிழம் மெதுவாகத்தானே வளரும்?" ஆமாம், மெதுவாகத்தான் வளரும். அதனால்தான் இருக்கிற வேப்பமரத்தை வெட்டாதீர்கள் என்று கெஞ்சுகிறோம். இது நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது வளர்ந்துவிடும்.

"இலை கொட்டும், குப்பை." கொட்டும். கூட்டுகிறவர்கள் நாங்கள். இதுவரை யாராவது புகார் சொன்னோமா? கூட்டின இலையை மரத்தைச் சுற்றிப் போட்டால் ஈரம் காக்கும், மண்ணுக்கு உரமும் ஆகும். லோங்காங்கில் அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உண்மை, பார்த்துக்கொள்வோம்.

"புயல் காற்றில் கிளை விழுந்து யாருக்காவது அடிபட்டால்?" இது நியாயமான பயம். அதற்கு வழி மரம் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் சோதித்து, காய்ந்த கிளையைக் கழிப்பது. உச்சியை மொட்டையடிப்பது வழி இல்லை. மொட்டையடித்தால் அவசரத்தில் பலம் இல்லாத கிளைகளாக முளைக்கும், பிறகு அதுதான் ஒடிந்து விழும்.

இன்னொன்று, சட்டம். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இருக்கு, 172-ஆவது சட்டம் என்பார்கள். சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை உள்ளூர் திட்டமிடல் ஆணையத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. பட்டுப்போன மரம், ஆபத்தான மரம் என்றால் வேறு கணக்கு. நம்ம வேப்பமரம் பட்டுப்போகவும் இல்லை, சாயவும் இல்லை. கயிறு சுற்றி அளந்தோம், 0.8-ஐத் தாராளமாகத் தாண்டுது. அனுமதி கேட்டாச்சா என்று கூட்டத்தில் யாராவது எழுந்து கேளுங்கள். கோயிலுக்கு அபராதக் கடிதம் வந்தால் அதைக் கட்டுவதும் உங்கள் காணிக்கைதான்.

மரத்துக்காகப் பேசுகிற நாம் மரத்தை எப்படி வைத்திருக்கிறோம் என்பதையும் பேசணும். பல கோயில்களில் மரத்தைச் சுற்றி அடிமரம் வரை சிமெண்டு பூசி, மார்பிள் ஒட்டி மேடை கட்டிவிடுகிறார்கள். வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாமல் மரம் மெல்ல மெல்லச் சாகுது. பட்டையில் ஆணி அடித்துப் பலகை மாட்டுகிறார்கள். அடிமரத்திலேயே விளக்கு வைத்து எண்ணெயும் சூடும் ஏற்றுகிறார்கள். இதெல்லாம் பக்தி என்று நினைத்துச் செய்வது. நம்ம வேப்பமரத்துக்கு இது நடக்க விடக் கூடாது. விளக்குத் தட்டை இரண்டு அடி தள்ளி வையுங்கள். சுற்றிலும் மண்ணை மண்ணாக விடுங்கள். அம்மன் கோபிக்க மாட்டாள்.

ஆகவே ஞாயிறு கூட்டத்தில் நாங்கள் வைக்கப் போகும் தீர்மானம் இது. ஒன்று, வேப்பமரத்தை வெட்டும் முடிவை ரத்து செய்யணும். இரண்டு, காலி இடத்தில் இரண்டு மகிழமரம் நடணும், வெயில் காலம் முடிந்து மழை பிடித்த பிறகு, வேர்க்கட்டியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமான குழி எடுத்து. மூன்று, நிழலில் ஐந்தாறு சிமெண்டுப் பெஞ்சு போடணும், பெரியவர்கள் உட்கார. நான்கு, அலங்காரப் புல்லுக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சமாவதை அன்னதான நிதிக்குத் திருப்பணும். தண்ணீர் ஊற்றும் முறைப் பட்டியலை நாங்களே போட்டுக்கொள்கிறோம். ஷிப்ட் வேலை பார்க்கிற எங்களுக்குப் பட்டியல் போடுவது புதுசு இல்லை.

தலைவர் ஐயாவும் நிர்வாக அண்ணன்மார்களும் இதைப் படித்துக் கோபப்பட வேண்டாம். கும்பாபிஷேகம் நல்லபடியாக நடக்கணும், கோயில் அழகாக இருக்கணும் என்கிற ஆசை உங்களுக்கு எவ்வளவு இருக்கோ அவ்வளவு எங்களுக்கும் இருக்கு. கும்பாபிஷேகத்தன்று எடுக்கிற போட்டோவில் புல் நன்றாகத்தான் தெரியும். அடுத்த பன்னிரண்டு வருஷம் அந்த இடத்தில் வெயிலில் நிற்கப் போகிறவர்களை நினைத்துத்தான் நாங்கள் பேசுகிறோம்.

பக்தர்களே, சந்தா கட்டிய உறுப்பினர்கள் எல்லாரும் ஞாயிறு கட்டாயம் வாருங்கள். ஓட்டு இல்லாதவர்களும் வந்து உட்காருங்கள், உங்கள் முகம் தெரிந்தால் போதும். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் என்றால் லாலான் பகுதியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே மரியாதையாக எழுதுங்கள், பதில் சொல்கிறோம்.

தாயே மாரியம்மா, எல்லாருக்கும் நல்ல புத்தி கொடு.

இப்படிக்கு,
கோயில் தொண்டர்கள்